டின் கணக்கும் கிராம் கணக்கும்: கல்லூரிக் குடி பற்றி வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவில் படிக்கும் மாணவர்களும் மதுவும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பல ஒரே கேள்வியின் வேறு வேறு உருவங்கள். அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது. மருத்துவமும் மனநல ஆலோசனையும் தெரிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: வயது 22. செத்தாபாக்கில் நாலு பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆளுக்கு 4 டின் பீர். சனிக்கிழமை நாலு பேருக்கும் ஒரு போத்தல் விஸ்கி, அதற்குமேல் ஆளுக்கு 2 டின். மற்ற 5 நாளும் தொடுவதே இல்லை. எல்லாப் பாடத்திலும் பாஸ்தான். ஆனால் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி என்னைக் குடிகாரன் என்கிறாள். வாரம் ரெண்டு நாள் குடிப்பவன் குடிகாரனா? – செத்தாபாக் வாசகர்

பதில்: பட்டத்தை விடுங்கள் தம்பி, கணக்கைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம் சுத்த ஆல்கஹால் ஓர் ‘அளவு’. டின்னில் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை விழுக்காடு என்று அச்சடித்திருக்கும். இரண்டையும் பெருக்கி, 0.789-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் கிராம் வந்துவிடும். 320 மில்லி டின், 5 விழுக்காடு பீர் என்றால் 12.6 கிராம். ஒரு டின் ஓர் அளவுக்கும் கொஞ்சம் மேல். உங்கள் வெள்ளிக்கிழமை 50 கிராம், அதாவது 5 அளவு.

சனிக்கிழமைதான் விஷயம் இருக்கிறது. 700 மில்லி விஸ்கி, 40 விழுக்காடு என்றால் போத்தலுக்குள் 221 கிராம். நாலு பேர் சரிசமமாகக் குடித்தால் ஆளுக்கு 55 கிராம். அதோடு 2 டின் சேர, 80 கிராம்: 8 அளவு. இதுவும் சரிசமமாக ஊற்றினால்தான். பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவில் ஊற்றும்போது யாரும் 30 மில்லியில் நிறுத்துவதில்லை, 60, 70 என்று போய்விடும். சந்தேகம் இருந்தால் இருமல் மருந்தோடு வரும் 15 மில்லி மூடியால் இரண்டு முறை தண்ணீர் அளந்து அதே கப்பில் ஊற்றிப் பாருங்கள். அடியில் கொஞ்சம் ஈரம் போலத்தான் தெரியும். உண்மையான ஒரு பெக் அவ்வளவுதான்.

இனி கேள்விக்கு வருவோம். ‘ஆடிட்’ என்ற 10 கேள்விச் சோதனை உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. அதன் முதல் மூன்று கேள்விகளையே தனிச் சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? வாரம் 2, 3 முறை என்றால் 3 புள்ளி. குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை அளவு? 5, 6 என்றால் 2 புள்ளி, 7 முதல் 9 என்றால் 3. ஒரே அமர்வில் 6 அளவு அல்லது அதற்குமேல் போவது எப்போதெல்லாம்? வாரந்தோறும் என்றால் 3. உங்களுக்கு எப்படிக் கூட்டினாலும் 8-க்குக் குறையாது. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். கல்லூரி மாணவர்களுக்கென்று வரம்பைத் தளர்த்தி ஆணுக்கு 7, பெண்ணுக்கு 5 என்று வைப்போரும் உண்டு. நீங்கள் அதையும் தாண்டியிருக்கிறீர்கள்.

மிச்சம் 7 கேள்விகளையும் மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாமல் போனதுண்டா? குடியால் செய்ய வேண்டிய வேலை கெட்டதா? முதல் நாள் போதை தெளியக் காலையில் ஒரு கிளாஸ் தேவைப்பட்டதா? பிறகு வெட்கமோ குற்ற உணர்வோ வந்ததா? ராத்திரி நடந்தது நினைவில்லாமல் போனதா? இந்த ஐந்தும் ‘எத்தனை முறை’ என்பதைப் பொறுத்துப் புள்ளி பெறும். கடைசி இரண்டு: உங்களுக்கோ மற்றவருக்கோ அடிபட்டதா? யாராவது ‘குறைத்துக்கொள்’ என்று சொன்னார்களா? கடைசிக் கேள்விக்கு உங்கள் தோழி ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார். மொத்தம் 8-ஐத் தொட்டாலே ஆபத்தான குடி, 16-ஐத் தொட்டால் ஆலோசகரைப் பார்க்க வேண்டிய குடி, 20-ஐத் தொட்டால் மது அடிமைத்தனம் இருக்கிறதா என்று மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

‘5 நாள் தொடுவதில்லை’ என்பது நல்ல செய்திதான். ஆனால் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்குமேலோ போவதை ‘அதிகக் குடி அமர்வு’ என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அன்றாடம் ஒரு டின் குடிப்பவரைவிட உங்கள் சனிக்கிழமையில்தான் விபத்தும் வாந்தியும் சண்டையும் நடக்க வாய்ப்பு அதிகம். பாஸ் ஆவதை வைத்தும் எடைபோடாதீர்கள். பாடம் கெடுவது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். முன்னால் கெடுவது ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: நான் மாணவி, ஜெலுத்தோங். எடை 50 கிலோ. பிறந்தநாள் விருந்தில் பழச்சுவை சோஜு (கொரிய மது) ஒன்றரை போத்தல் குடித்தேன். விழவில்லை, வாந்தியும் இல்லை. கேக் வெட்டினேனாம், எல்லாரோடும் நன்றாகப் பேசினேனாம், கிராப் கூப்பிட்டு வீட்டுக்கு வந்தேனாம். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. மயக்கமே போடாதபோது நினைவு எப்படிப் போகும்?

பதில்: நீங்கள் மறந்துவிடவில்லை. அந்த இரண்டு, மூன்று மணி நேரம் மூளையில் பதிவாகவே இல்லை. நடக்கவும் பேசவும் கேக் வெட்டவும் வேண்டிய பகுதிகள் வேலை செய்கின்றன. அன்றைய நிகழ்வை நினைவாக மாற்றும் ஹிப்போகேம்பஸ் பகுதி மட்டும் ஆல்கஹாலில் முடங்கிவிடுகிறது. அதனால் பார்ப்பவருக்கு நீங்கள் சாதாரணமாகத் தெரிவீர்கள். மறுநாள் யோசித்து யோசித்து மீட்கவும் முடியாது, ஏனென்றால் மீட்க அங்கே எதுவும் இல்லை. துண்டு துண்டாக நினைவு வந்தால் அது இதன் லேசான வடிவம்.

இது நடக்க எவ்வளவு குடித்தீர்கள் என்பதைவிட எவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறியது என்பது முக்கியம். பழச்சுவை சோஜு பெரும்பாலும் 13 விழுக்காடு, போத்தல் 360 மில்லி. ஒரு போத்தலில் 37 கிராம், ஒன்றரையில் 55 கிராம். இனிப்பாக இருப்பதால் தொண்டை தடுக்காது, சர்பத் போலவே இறங்கும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே கிராம் கூடுதல் அடர்த்தியாகிறது. 50 கிலோ பெண்ணுக்கு 55 கிராம் வேகமாகப் போனால் 100 மில்லி ரத்தத்தில் 150 மில்லிகிராமைத் தாண்டுவது எளிது. நினைவு அறுந்துபோவது அந்த மட்டத்தில்தான் சாதாரணமாக ஆரம்பிக்கிறது. விருந்துக்காக மத்தியானம் பட்டினி கிடந்திருந்தால் இன்னும் சீக்கிரம். வயிற்றில் சோறு இருந்தால் மது இரைப்பையில் தங்கி மெதுவாகச் சிறுகுடலுக்குப் போகும். வெறும் வயிறு என்றால் தடையே இல்லை.

ஒருமுறை நடந்தது எச்சரிக்கை. மறுபடி நடந்தால் அது உங்கள் குடியின் முறையாகிவிட்டது என்று பொருள். தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து இவற்றில் ஏதாவது அன்று சாப்பிட்டிருந்தால் குறைந்த மதுவிலும் இப்படி ஆகும். இன்னொன்று: நீங்களே ஊற்றிக்கொள்ளாமல், வேறு யாரோ கொடுத்த கோப்பைக்குப் பிறகுதான் இப்படி ஆனது என்று தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் தடயம் போய்விடும்.

கேள்வி: எனக்கு ஏறவே ஏறாது. 6 டின் முடித்தும் நிதானமாக இருப்பேன். கூட வரும் சீன நண்பனுக்கு ஒரே டின்னில் முகம் தக்காளி போலச் சிவந்துவிடும். யார் உடம்பு கெட்டிருக்கிறது, அவனுடையதா, என்னுடையதா? – சுங்கை டுவா வாசகர்

பதில்: இரண்டு பேருக்குமே கவலைப்படக் காரணம் உண்டு, ஆனால் காரணம் வேறு வேறு.

மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சாக மாறும். அதைக் கரைக்க ஒரு நொதி வேண்டும். கிழக்காசிய வம்சாவளியினரில் கணிசமானோருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். உங்கள் நண்பன் குடிக்கக் கூடாத உடம்புக்காரன். தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அவனுக்கு மற்றவரைவிடக் கூடுதல். சிவப்பு தெரியாமல் இருக்க ஃபமோட்டிடின் போன்ற வயிற்றெரிச்சல் மாத்திரையை முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. அது சிவப்பை மட்டும் மறைக்கும், நச்சு உள்ளேயே இருக்கும். எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்த மாதிரி. அவன் அப்படிச் செய்கிறானா என்று கேளுங்கள்.

நம் ஆட்களில் அந்த மந்த நொதி மிகக் குறைவு. அதனால் ‘எனக்கு ஏறாது’ என்ற பெருமை நம்மிடம் அதிகம். ஏறாமல் இருப்பது பலமில்லை. இளவயதில் மதுவுக்கு உடம்பு குறைவாக அசைந்து கொடுப்பவர்கள்தான் பின்னாளில் அடிமையாக வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிறுத்தச் சொல்லும் அறிகுறி வராததால் கை நிற்பதில்லை. போன வருடம் 3 டின்னில் வந்த போதைக்கு இப்போது 6 டின் தேவைப்படுகிறது என்றால் அது ‘சகிப்பு’, அடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்று. மூளை பழகிவிட்டதே தவிர ஈரலும் இரைப்பையும் பழகுவதில்லை. 6 டின் உள்ளே போனால் 76 கிராம் போனதுதான், நீங்கள் நிதானமாக நின்றாலும் சரி, தரையில் விழுந்தாலும் சரி.

கேள்வி: வருடா வருடம் தண்ணீர்மலையில் காவடி எடுக்கிறேன். 48 நாள் விரதம், ஒரு சொட்டுத் தொடமாட்டேன். தைப்பூசம் முடிந்த மறுநாளே நண்பர்களோடு உட்கார்ந்துவிடுவேன். நினைத்தால் நிறுத்த முடிகிறது என்றால் நான் அடிமை இல்லைதானே? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: விரதம் நல்ல சோதனை. அதை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

முதல் மூன்று நாள் எப்படி இருந்தது? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எதுவும் இல்லையென்றால் உடல் ரீதியான சார்பு பெரும்பாலும் இல்லை. மகிழ்ச்சி. அடுத்து, அந்த 48 நாளில் தூக்கம் எப்படி? மது முதல் பாதி ராத்திரி ஆழ்ந்து தூங்க வைத்து, கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பின்பாதியில் எழுப்பிவிடும். பரீட்சைக்குப் படித்தது மனதில் நிற்க வேண்டிய தூக்கத்தில்தான் கை வைக்கிறது. விரத மாதத்தில் காலையில் தெளிவாக எழுந்தீர்கள், கையில் காசு மிஞ்சியது என்றால், மற்ற மாதங்களில் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்த கணக்கு.

கடைசியாக அந்த ‘மறுநாள்’. விரதத்தின் கடைசி வாரத்தில் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தீர்களா? உட்கார்ந்ததும் பழைய அளவுக்கே நேராகப் போனீர்களா? 48 நாளில் உடம்பின் சகிப்பு குறைந்திருக்கும். முன்பு 8 டின் தாங்கிய உடம்புக்கு இப்போது அதே 8 டின் தாங்காது. தைப்பூசத்துக்கு மறுவாரம் வாந்தி எடுத்து, விழுந்து, அடிபட்டு வருபவர்களில் இந்தக் காரணமும் உண்டு. சாமிக்காக நிற்க முடிகிறவருக்கு எனக்காக, என் ஞாயிற்றுக்கிழமைக்காக என்று நிற்க முடியவில்லையென்றால் பழக்கம் வேரூன்றியிருக்கிறது.

மீண்டும் ஆரம்பிப்பதென்றே முடிவு செய்திருந்தால் பழைய கூட்டத்தோடு ஆரம்பிக்காதீர்கள். குறைக்க நினைப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ‘ஷேர்’ போடும் முறைதான். ஆளுக்கு 40 வெள்ளி போட்டு வாங்கிய போத்தல் தீரும்வரை யாரும் எழமாட்டார்கள், போட்ட காசுக்குக் குடித்தாக வேண்டும் என்று கை தானாகப் போகும். பாரில் 5 போத்தல் ‘பக்கெட்’ வாங்குவதும் அப்படியே. அவரவர் காசில், அவரவர் டின், ஒவ்வொன்றாக. உட்காருமுன் சோறோ ரொட்டி சானாயோ வயிறார. எத்தனை டின் என்று முதல் டின்னைத் திறக்கும் முன்னரே போனில் எழுதிவிடுங்கள். மூன்றாவது டின்னுக்குப் பிறகு எழுதுகிற எண் பொய் எண். கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி: கடைசி எல்.ஆர்.டி.யைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டால் அதுவே எல்லைக்கோடு.

கேள்வி: தினமும் குடிக்கிறேன், ராத்திரி கால் போத்தல் பிராந்தி. 8 மாதமாக. காலையில் பேனா பிடிக்கும்போது கை நடுங்குகிறது. நாளைக்கே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். – பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: நாளைக்கே தனியாக நிறுத்த வேண்டாம். அவசரமாகச் சொல்வதால் முதல் வரியிலேயே சொல்கிறோம்.

கால் போத்தல் 175 மில்லி, 55 கிராம். தினமும் அவ்வளவு போகிற மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கி வைத்திருக்கும். அமுக்கம் திடீரென்று விலகினால் முறுக்கு அவிழும். கடைசிக் கிளாஸிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்ற கடும் நிலை சிலருக்கு வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது. உங்கள் கை ஏற்கெனவே காலையில் நடுங்குகிறது என்பது உடம்பு அந்தப் பாதையில் இருப்பதற்கு அடையாளம்.

முதலில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மருத்துவரிடம் தினசரி அளவையும் எத்தனை மாதம் என்பதையும், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதையும் கூசாமல் சொல்லுங்கள். பாதியாகக் குறைத்துச் சொன்னால் மருந்தும் பாதியாகிவிடும். தேவையென்றால் கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ கடிதம் கொடுப்பார்கள். படிப்படியாகக் குறையும் மாத்திரையும், மூளையைக் காக்கத் தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை வழக்கமான அளவைக் கூட்டாதீர்கள், ஒரேயடியாக அறுக்கவும் செய்யாதீர்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் காத்திருக்காமல் 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தால்: பதிவுபெற்ற ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர்கள். ராத்திரி தாங்க முடியாமல் பேச வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555.

கேள்வி: ஹாஸ்டலில் நண்பன் குடித்துவிட்டு எழுப்ப எழுப்ப எழவில்லை. வார்டனுக்குப் பயந்து தலையில் தண்ணீர் ஊற்றி, காப்பி கொடுத்து, போர்வை போர்த்தி மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். நல்லவேளை, காலையில் எழுந்துவிட்டான். அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? – மிண்டன் வாசகர்

பதில்: செய்த மூன்றுமே தவறு. குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டை மேலும் இறக்கும். காப்பி ரத்தத்திலிருக்கும் மதுவை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது, அரை மயக்கத்தில் மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. போர்த்தி மல்லாக்கப் படுக்க வைத்துத் தனியே விட்டதுதான் மிகப் பெரியது. வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும்.

கடைசியாகக் குடித்த இரண்டு கிளாஸ் வயிற்றிலிருந்து இன்னும் ரத்தத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ‘குடிப்பதை நிறுத்திவிட்டான், இனி தெளிந்துவிடும்’ என்பது முதல் ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தாது.

முதலில் தோளைத் தட்டி, காதருகில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து பதில் சொல்கிறானா? பிறகு கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழுப்பினால் எழவில்லை; நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவு; இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி; உதடு, நகம் நீலம் பாய்ந்திருக்கிறது; தோல் சில்லென்று பிசுபிசுக்கிறது; மயக்கத்திலேயே வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் 999. எல்லாம் சேரும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். மேல்காலின் முட்டியை மடக்கி முன்னால் ஊன்றுங்கள், மேல்கையின் புறங்கை கன்னத்துக்கு அடியில் இருக்கட்டும். வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் புத்தகப் பையை அணைத்து வையுங்கள், புரளாமல் இருக்கும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடித்த போத்தலையும், விழுங்கியிருந்தால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கெத்தும் என்ற போதை இலையின் நீரோ இருமல் மருந்தோ சேர்த்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், மறைத்தால் சிகிச்சை திசை மாறும்.

சம்சு என்ற மலிவுச் சாராயம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. முதலில் சாதாரண போதைதான். உடம்பு அதைப் பார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுப்பதால் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் உண்மை தெரியும்: வயிற்றுவலி, வேகமான மூச்சு, கண் முன்னால் பனி மூடியது போன்ற மங்கல். தெளிந்து எழுந்தவனுக்கு மறுநாள் சாயங்காலம் கண் மங்கினால் ஹேங்ஓவர் என்று விடாதீர்கள். அன்றே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனை. வரி முத்திரை இல்லாத, மூடி தளர்ந்த, நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் போத்தல் எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்குக் குடித்து முடித்து, தூங்கி எழுந்து, காலை 7 மணிக்கு மோட்டார் சைக்கிளில் வகுப்புக்குப் போனால் பிடிப்பார்களா? – கெப்போங் வாசகர்

பதில்: பிடிக்க வாய்ப்புண்டு. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். தூக்கம், குளியல், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. 9 மணிக்கு ஆரம்பித்து 2 மணிவரை 10 டின் என்றால் 126 கிராம். காலை 7 மணிக்குள் 10 மணி நேரத்தில் 70 முதல் 100 கிராம் போயிருக்கும், மிச்சம் ரத்தத்தில். 2020 அக்டோபரிலிருந்து சட்ட எல்லை 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், மூச்சில் 22 மைக்ரோகிராம். 65 கிலோ ஆள் வெறும் வயிற்றில் 2 டின் மடமடவென்று குடித்தாலே அந்தக் கோட்டைத் தொடலாம். முதல் குற்றத்துக்கே அபராதம் 10,000 முதல் 30,000 வெள்ளி, 2 வருடம்வரை சிறை, லைசன்ஸ் குறைந்தது 2 வருடம் பறிபோகும். பஸ் இருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 20 வயது. கோலாலம்பூரில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் மதியம்வரை தூங்குகிறான். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பணம் வந்த மாதமே தீர்ந்துவிடுகிறது. பையில் போத்தல் மூடி பார்த்தேன். கேட்டால் கத்துகிறான். அவன் அப்பாவும் வீட்டில் குடிப்பவர்தான், ஆனால் கட்டுப்பாடாக. எப்படிப் பேசுவது? – பிறை வாசகி

பதில்: அம்மா, மூடியைக் காட்டிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். பையைத் துழாவியதுதான் பேச்சாகிவிடும், குடி பின்னால் போய்விடும். அவன் போதையில் இருக்கும்போதும், உறவினர் முன்னிலையிலும் வேண்டாம். காரில் போகும்போது, சமையலறையில் ஏதாவது வேலையாக இருக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில் பேசினால் இந்த வயதுப் பையன்கள் வாய் திறப்பார்கள். ‘நீ குடிகாரனாகிவிட்டாய்’ என்பதை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘ஜனவரியிலிருந்து மூன்று தடவை பணம் கேட்டாய். முன்பெல்லாம் சனிக்கிழமை ஃபுட்சால் போவாய், இப்போது போவதில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது.’ பிறகு கேள்வி ஒன்றே ஒன்று, பதிலுக்குக் காத்திருங்கள். விளையாட்டு, பழைய நண்பர்கள், காலை நேரம் இந்த மூன்றும் ஒவ்வொன்றாக விலகுவது போத்தல் மூடியைவிடப் பெரிய சாட்சி. தனியாகக் குடிக்கிறானா, மனசு சரியில்லாதபோது குடிக்கிறானா என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் குடிப்பவனைவிட, தூங்குவதற்காகவும் பதற்றத்துக்காகவும் குடிப்பவனுக்கு உதவி முதலில் வேண்டும். அவனுக்கு அடியில் மனச்சோர்வு இருக்கலாம்.

அப்பாவைப் பற்றி நேராகவே சொல்கிறோம். மது அடிமைத்தனத்தில் பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பாதி. மீதியில் வீட்டுப் பழக்கம் பெரிய பங்கு. ஐஸ் எடுத்து வா, சோடா வாங்கி வா என்று சின்ன வயதில் அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அதே வீட்டில் ‘குடிக்காதே’ என்பது காதில் ஏறாது. அப்பா விடுமுறை வாரத்திலாவது வீட்டில் போத்தல் திறக்காமல் இருந்து, அவரே மகனிடம் பேசினால் பாதி வேலை முடியும். 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கவே கூடாது என்பதும் உங்கள் பக்கம் இருக்கும் நியாயம், ஆனால் அதைப் பூச்சாண்டியாகக் காட்டாதீர்கள்.

மொத்தப் பணத்தையும் நிறுத்திவிடாதீர்கள். வாடகையையும் கட்டணத்தையும் நீங்களே நேரடியாகக் கட்டி, சாப்பாட்டுக்கு வாரம் ஒருமுறை அனுப்புங்கள். கல்லூரி ஆலோசகரிடம் அவன் போக மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் வழி கேட்கலாம். மது அடிமைகள் சங்கமான ஏ.ஏ.வின் கூட்டங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கின்றன, கட்டணம் இல்லை.

கேள்வி: படுக்கும் முன் 2 பனடோல் போட்டுக்கொண்டால் காலையில் தலைவலி வராதாமே? – ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: பனடோலின் வேகம் 4 முதல் 6 மணி நேரம். ராத்திரி 2 மணிக்குப் போட்டது காலையில் தலைவலி வரும்போது தீர்ந்திருக்கும். பனடோலில் இருக்கும் பாரசெட்டமாலின் ஒரு பகுதி ஈரலில் நச்சாக மாறும். அடிக்கடி அதிகம் குடிப்பவருக்கு அந்த நச்சு கூடுதலாக உருவாகும், அதை அடக்கும் சரக்கும் ஈரலில் குறைந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 8 உச்ச வரம்பு. தினமும் அதிகம் குடிப்பவர் 4-ஐத் தாண்டக் கூடாது. அதற்குப் பதிலாக வெறும் வயிற்றில் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போட்டால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம். படுக்கும் முன் இரண்டு கிளாஸ் தண்ணீர், காலையில் உப்புச் சேர்த்த கஞ்சி. தலைவலி வாரம் தவறாமல் வருகிறது என்றால் முதல் கேள்விக்கான பதிலில் உள்ள புள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.